கிளப்புகிற பெட்ரோல்

கோவில்பட்டியிலிருந்து கிழக்கே விளாத்திகுளம் வழியாகப் போனால், கரிசல் காடு கடற்கரை மணல் வரைக்கும் கூடவே வருகிறது. வேம்பார், கீழவைப்பாறு, சிப்பிகுளம் என்று மன்னார் வளைகுடாவைப் பார்த்திருக்கும் ஊர்களில், இருட்டோடு வள்ளத்தைத் தள்ளிவிட்டு மோட்டார் கயிற்றை இழுக்கிறவருக்கு அந்த முதல் சில இழுப்புகள்தான் முக்கியம். தோள்பட்டை நோக இழுத்தும் பழைய அவுட்போர்டு மோட்டார் பிடிக்கவில்லை என்றால் அன்றைய தொழில் போச்சு. பழி முதலில் பிளக் மேலும் காயில் மேலும் விழுகிறது. அதை மாற்றியும் சரிவரவில்லை என்றால் மோட்டாரின் வயசு மேல் விழுகிறது. முதலில் சந்தேகப்பட வேண்டியது இரண்டையும் அல்ல என்பது என் வாதம். கிளப்புவதற்கென்று ஓரமாக வைத்திருக்கும் அந்தக் கொஞ்சம் பெட்ரோலைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

காரணம் மோட்டாரின் அமைப்பிலேயே இருக்கிறது. நம் பக்கத்து வள்ளங்களில் இருப்பவற்றில் பல, பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டுகிற டூ ஸ்ட்ரோக் மோட்டார்கள். மண்ணெண்ணெயின் ஆவி தீப்பற்ற அது குறைந்தது 35 டிகிரி செல்சியஸாவது சூடாக வேண்டும். பெட்ரோலுக்கோ பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி குளிரிலும் பற்றுகிற அளவுக்கு ஆவி கிளம்பிவிடும். அதனால் இன்ஜின் சூடாகும்வரை பெட்ரோல், சூடானதும் குழாயைத் திருப்பி மண்ணெண்ணெய். இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. மண்ணெண்ணெய் எளிதில் 'நாக்' அடிக்கும் என்பதால் இந்த மோட்டார்களில் கம்ப்ரஷனை வேண்டுமென்றே குறைத்துத்தான் தயாரிக்கிறார்கள். கம்ப்ரஷன் குறைந்த இன்ஜின் கிளம்ப நல்ல பெட்ரோல் கட்டாயம் வேண்டும். ஆனால் வீட்டுக் கணக்கில் செலவென்று எழுதப்படுவது மண்ணெண்ணெய்தான். மானியத்துக்குக் காத்திருப்பதும் அதற்குத்தான். கிளப்ப மட்டும் ஆகிற பெட்ரோல் ஒரு சின்ன டேங்கிலோ கேனிலோ வாரக்கணக்கில் கிடக்கிறது. கச்சான் காற்று தூக்கி அடிக்கிற நாட்களில் வள்ளம் கரையேறிவிட்டால் இன்னும் அதிக நாள் கிடக்கும். ஆக, படகில் இருக்கும் எரிபொருளிலேயே மிகப் பழையது எதுவோ, அதை நம்பித்தான் மோட்டாரைக் கிளப்புகிறோம்.

கிடக்கிற பெட்ரோல் அப்படியே இருப்பதில்லை. நம் வெயிலில் அதிலிருந்து முதலில் பறந்து போவது இலேசான பகுதி. குளிர்ந்த இன்ஜினைக் கிளப்புவதும் அதே பகுதிதான். கலந்து வைத்த 2டி ஆயில் மட்டும் போகாமல் தங்கி, கார்புரேட்டரின் ஊசி முனையளவு ஜெட் துவாரத்தில் பிசினாக ஒட்டுகிறது. இப்போது எத்தனாலும் சேர்ந்துகொண்டது. பெட்ரோலில் 10 சதவீத எத்தனால் என்ற இலக்கை நாடு 2022-இல் எட்டியது. 20 சதவீதம் கலந்த இ20 பெட்ரோல் 2023-இல் விற்பனைக்கு வந்து, 2025-இல் எல்லாப் பங்குகளுக்கும் பரவிவிட்டது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். கடற்காற்றில் மூடி தளர்ந்த கேனுக்குள் அது இழுக்கிற தண்ணீர் ஓர் அளவைத் தாண்டியதும், தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் இறங்கிவிடும். மோட்டாருக்குப் போகிற குழாய் உறிஞ்சுவது அந்த அடியிலிருந்துதான். பார்க்க வேண்டுமானால் கார்புரேட்டர் கிண்ணத்தின் அடித் திருகைத் தளர்த்தி, வருவதை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பெட்ரோலுக்குக் கீழே கலங்கலாக இன்னொரு அடுக்கு தெரியும். சில நேரம் அடியில் உருண்டோடுகிற ஒரு சொட்டு மட்டும் தெரியும். மோட்டாரை நிறுத்த அந்த ஒரு சொட்டே போதும். பழைய ரப்பர் டியூப், கைப்பம்பின் பல்பு, ஓ-ரிங் எல்லாம் எத்தனாலில் ஊறி உப்பும் அல்லது வெடிக்கும். வெடிப்பு வழியாகக் காற்று நுழைந்தால், எவ்வளவு அமுக்கினாலும் பல்பு கெட்டிப்படாது.

"கெடுப்பது உப்புக் காற்றப்பா, பெட்ரோலை ஏன் சொல்கிறாய்" என்று கரையில் கேட்பார்கள். உப்பு கெடுக்கத்தான் செய்கிறது. ஆனால் கடலையே பார்க்காத ஓர் இன்ஜினும் இதே மாதிரி மக்கர் பண்ணுகிறதே, அதற்கு என்ன சொல்வது? கோவில்பட்டி, எட்டயபுரம், புதூர் மானாவாரிக் காடுகளில் மக்காச்சோளத்துக்கும் பருத்திக்கும் மருந்தடிக்கிற பவர் ஸ்பிரேயரும் பெரும்பாலும் சின்ன டூ ஸ்ட்ரோக் இன்ஜின்தான். 2018-இல் மக்காச்சோளத்தில் படைப்புழு வந்தபின் அதன் வேலை கூடிவிட்டது. புரட்டாசி, ஐப்பசியில் விதைத்து, மருந்தடித்து முடித்ததும் டேங்கில் மிச்சம் இருக்கிற பெட்ரோலோடு மூலையில் போடுகிறார்கள். அடுத்த பட்டத்தில் எடுத்தால் கிளம்புவதில்லை. அங்கே உப்பும் இல்லை, மண்ணெண்ணெயும் இல்லை. ஜெட்டைக் கழற்றிக் கழுவி, புதுப் பெட்ரோல் ஊற்றினால் பெரும்பாலும் ஓடிவிடுகிறது. கரிசல் காட்டு ஸ்பிரேயருக்கும் கடற்கரை மோட்டாருக்கும் பொதுவாக இருப்பது கிடந்து கெட்ட பெட்ரோல் ஒன்றுதான்.

இ20-ஐச் சோதித்துப் பார்த்துத்தான் அரசு கொண்டுவந்தது, அதன்மேல் பழி போடுவது நியாயமா என்பது அடுத்த கேள்வி. ஓடுகிற வண்டியைப் பொறுத்தவரை அந்தப் பதிலில் நியாயம் உண்டு. தினமும் ஓடி, வாரம் ஒருமுறை டேங்க் நிரப்புகிற பைக்கில் பெட்ரோல் பழசாக நேரமே கிடைப்பதில்லை. நாம் பேசுவது ஓடாமல் கிடக்கிற பெட்ரோலைப் பற்றி. அதுவும் இந்த எரிபொருளை மனதில் வைத்துச் செய்யப்படாத பழைய ரப்பர் பாகங்களைப் பற்றி. எத்தனால் வருவதற்கு முன்பும் பெட்ரோல் கெட்டதுதான். இப்போது ஈரம் புகுந்து கெட ஒரு வழி கூடியிருக்கிறது.

மெக்கானிக்குகள் சொல்கிற மறுப்பு இதைவிட வலுவானது. பொறி வராத மோட்டாருக்கு எந்தப் பெட்ரோலை ஊற்றி என்ன பயன்? உண்மைதான். அதனால்தான் ஊகத்தை விட்டுவிட்டுப் பிளக்கைக் கழற்றிப் பார்க்கச் சொல்கிறேன். சோக் போட்டு நாலைந்து இழுப்பு இழுத்தபின் கழற்றினால், என்ன கோளாறு என்பதைப் பிளக்கே சொல்லிவிடும். முனை காய்ந்திருந்தால் எரிபொருள் வரவில்லை: டேங்க் மூடியின் காற்றுத் திருகு, பல்பு, டியூப், ஜெட் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். நனைந்து மண்ணெண்ணெய் வாடை அடித்தால், முந்தின நாள் பெட்ரோலுக்கு மாற்றாமல் மண்ணெண்ணெயிலேயே அணைத்திருக்கிறார்கள். கிண்ணத்தை வடித்தால் தீர்ந்தது. நனைந்து நல்ல பெட்ரோல் வாடை அடித்தால்தான் பொறியைச் சந்தேகிக்க வேண்டும். அப்போதும் காயிலை வாங்க ஓடுவதற்கு முன் ஸ்டாப் சுவிட்சின் ஒயரைக் கழற்றிவிட்டுப் பார்க்கலாம். உப்பேறிய சுவிட்ச் உள்ளுக்குள்ளேயே சேர்ந்துகொண்டு பொறியை மண்ணாக்குவது அடிக்கடி நடப்பது. எரிபொருள் டியூபைக் கழற்றி ஒதுக்கிவிட்டு, சிந்தின பெட்ரோலைத் துடைத்து, காற்றோட்டமான இடத்தில்தான் பொறி பார்க்க வேண்டும். இதில் அவசரம் காட்டினால் உயிருக்கே ஆபத்து. இவ்வளவுக்கும் ஒரு பிளக் ஸ்பேனர் போதும். காயிலோ அதைவிடப் பல மடங்கு விலை.

பழைய டூ ஸ்ட்ரோக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு ஃபோர் ஸ்ட்ரோக் வாங்கலாமே என்பாரும் உண்டு. அவர்கள் பக்கம் எனக்கும் பாதி சம்மதம். டூ ஸ்ட்ரோக் குடிக்கிற எரிபொருளில் ஒரு பகுதி எரியாமலே புகையோடு தண்ணீரில் கலக்கிறது. பவளப்பாறைத் தீவுகள் உள்ள மன்னார் வளைகுடாவில் அது சாதாரணக் குற்றமில்லை. வசதி வரும்போது மாற்றட்டும். ஆனால் கிளம்பவில்லை என்பதை மாற்றுவதற்குக் காரணமாகச் சொல்லக் கூடாது. புது மோட்டாரும் அதே பங்கின் பெட்ரோலைத்தான் குடிக்கப்போகிறது. அதன் நுண்ணிய துவாரங்கள் அடைத்தால் கரையில் வைத்துக் கழுவுவது இன்னும் சிரமம். கடனோடு வாங்கிய மோட்டாரும் பழைய கேனிலிருந்து குடித்தால் அதே கதைதான்.

லிட்டர் நூறு ரூபாயை ஒட்டி விற்கிற பெட்ரோலை யார் கொட்டுவார்கள்? கொட்டும்படி மிச்சம் வைக்காமல் இருந்தால் போதும். ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்கி, ஆயிலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, மூடியும் காற்றுத் திருகும் இறுக்கமாக இருக்கிற கேனில் நிழலில் வைக்க வேண்டும். கரை நெருங்குகிற கடைசி நிமிடங்களில் பெட்ரோலுக்கு மாற்றிவிட்டு அணைத்தால் மறுநாள் கிண்ணத்தில் மண்ணெண்ணெய் இருக்காது. பல நாள் நிற்கப்போகிற மோட்டார் என்றால் குழாயை அடைத்து, கிண்ணம் காலியாகித் தானாக நிற்கும்வரை ஓடவிட வேண்டும். கடலிலோ தண்ணீர் நிரப்பிய டிரம்மிலோ வைத்துத்தான், இல்லாவிட்டால் வாட்டர் பம்பின் ரப்பர் இம்பெல்லர் கருகிவிடும். இத்தனைக்குப் பிறகும், புதுப் பெட்ரோலில் பிளக் நனைந்து, பொறி நீலமாகப் பளிச்சென்று அடித்தும் பிடிக்காத மோட்டார் இருக்கும். அதன் கயிறு வழக்கமான எதிர்ப்புக் காட்டாமல் இலேசாக வந்தால் ரிங்கோ சிலிண்டரோ தேய்ந்திருக்கும். அதை மெக்கானிக்கிடம் கொண்டுபோகத்தான் வேண்டும். போகும்போது பிளக் நனைந்திருந்ததா, என்ன வாடை அடித்தது, பொறி எப்படி இருந்தது என்று சொன்னால், அவர் பெட்ரோல் டேங்கிலிருந்து தொடங்காமல் நேரே கம்ப்ரஷன் கேஜை மாட்டிப் பார்ப்பார்.