மகளுக்கு வீட்டை முழுசாக முடித்துக் கொடுக்காதீர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. பெண் பிள்ளைகளுக்கு வீடு கட்டிக்கொண்டிருக்கும் உம்மா வாப்பாமார் ஆறுதலாக இருந்து வாசியுங்கள். கோபம் வந்தால் கொமென்ட்டில் திட்டலாம். ஆனால் முழுதாக வாசித்துவிட்டுத் திட்டுங்கள்.

இந்த வருடத்தில் மட்டும் ஆறு புது வீடு பார்க்கப் போயிருக்கிறேன். உண்மையைச் சொன்னால் ஆறும் ஒரே வீடுதான். ஹோலில் ஜிப்சம் சீலிங், அதன் நடுவில் ஒரு பள்ளம், பள்ளத்தைச் சுற்றி நீல லைட். முகம் தெரிகிற அளவுக்கு மினுங்கும் வெள்ளை டைல்ஸ். டீவிக்குப் பின்னால் கல் மாதிரித் தெரிகிற, ஆனால் கல் இல்லாத ஒரு சுவர். தங்க நிறச் சட்டத்தில் ஆயத்துல் குர்ஸி. மூலையில் தூசு படிந்த பிளாஸ்டிக் பூ. செட்டியில் சுற்றி வந்த பொலித்தீனை இன்னும் கழற்றவில்லை. உட்கார்ந்தால் சத்தம் போடும்.

எல்லாம் சுத்தம். எல்லாம் விலை கூடியது. ஆனால் அந்த ஹோலில் நின்றுகொண்டு இது யாருடைய வீடு என்று கேட்டால் பதில் சொல்ல ஒரு சாமானும் இல்லை. இந்த வீட்டுக்காரர் நெல் வெட்டுகிறவரா, கடலுக்குப் போகிறவரா, பாடசாலையில் படிப்பிக்கிறவரா? இந்த வீட்டுப் பிள்ளைக்கு எத்தனை வயது? ஒன்றும் தெரியாது.

வீட்டு ஆட்கள் எங்கே என்று பார்த்தால் பின்னால் இருப்பார்கள். குசினிக்குப் பின்புறம் தகரத்தால் ஒரு பத்தி இறக்கியிருப்பார்கள். சமையல் அங்கே, சாப்பாடு அங்கே, பிள்ளை பாடம் எழுதுவது அங்கே, பின்நேரம் பக்கத்து வீட்டு மச்சி வந்து கதைப்பதும் அங்கே. லட்சக்கணக்கில் செலவழித்த பென்ட்ரியில் வெந்நீர் கூட வைப்பதில்லை, புகை பிடித்துவிடுமாம். வயதான உம்மம்மாவின் கட்டிலையும் அந்தப் பத்திப் பக்கம்தான் போட்டிருப்பார்கள். இப்படியாக முன்னால் ஒரு வீடு, பின்னால் ஒரு வீடு. முன்னால் இருப்பது வந்து போகிறவர்களுக்கு.

ஏன் இப்படி ஆனது என்று யோசித்தால், எங்கள் கிழக்கு மாகாணத்து வழக்கத்தில் வந்து நிற்கிறது. இங்கே வீடு மகளுக்குப் போகிறது. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருக்கிறார். ஆகவே பெண் பிள்ளை பிறந்ததும் வாப்பா வளவைப் பார்க்கிறார், அத்திவாரம் போடுகிறார், பிறகு கட்டாருக்கோ சவூதிக்கோ போகிறார். சீதனம் கூடுமா கூடாதா என்பது வேறு விவாதம். அதில் என் நிலைப்பாடு என்ன என்று இந்தப் பக்கத்தை வாசிக்கிறவர்களுக்குத் தெரியும், இன்றைக்கு அதைத் தொடவில்லை. நான் சொல்ல வருவது இதுதான். அந்த வீட்டில் ஒருவரும் ஒரு நாளும் வாழ்வதற்கு முன்பே அதை அலங்கரித்து முடிக்கிறோம். மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்க்கிற அந்த ஒரு நாளுக்காக முடிக்கிறோம். வாழப்போகிற பிள்ளையிடம், "மகள், உனக்கு ஜன்னல் எந்தப் பக்கம் வேணும்? சுவருக்கு என்ன நிறம் விருப்பம்?" என்று கேட்கிற வீட்டை விரல் விட்டு எண்ணலாம். மேசன் பாஸிடமும் சீலிங் அடிக்கிறவரிடமும் கேட்கிறோம். அவர் போன மாதம் எந்த வீட்டில் வேலை செய்தாரோ அதையே இங்கேயும் செய்துவிட்டுப் போகிறார்.

2022இல் சாமான் விலை ஏறியபோது என்ன நடந்தது என்று எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். சிமெந்து, டைல்ஸ், கம்பி எல்லாம் கைக்கெட்டாத உயரத்துக்குப் போனது. அப்போது பாதியில் நின்ற வீடுகளை "முடிப்பதற்காக" நகையை அடகு வைத்தவர்கள் உண்டு. ஐம்பது வயதுக்கு மேல் மறுபடி கடவுச்சீட்டைப் புதுப்பித்துக்கொண்டு வெளிநாடு போன வாப்பாமாரும் உண்டு. அவர்கள் எதை முடிக்கப் போனார்கள்? கூரை இருந்தது, கதவு இருந்தது, தண்ணீர் இருந்தது. சீலிங்கும் பென்ட்ரியும்தான் மிச்சம்.

போன தவணையில் தரம் 7 பிள்ளைகளுக்கு ஒரு கட்டுரை கொடுத்தேன். வழமையான "எனது வீடு" இல்லை. "எங்கள் வீட்டில் எனக்குப் பிடித்த இடம்." முப்பத்தொரு பிள்ளைகள் எழுதினார்கள். கிணத்தடி என்று எழுதினார்கள், மாமரத்தடி என்று எழுதினார்கள். வாப்பாவின் மோட்டார் சைக்கிள் நிற்கும் தாழ்வாரம், தையல் மெஷினுக்குக் கீழே, மேல்மாடி கட்டப்போகிற மொட்டை மாடி என்றெல்லாம் வந்தது. ஒன்பது பேர் உம்மம்மாவின் கட்டில் என்று எழுதியிருந்தார்கள். ஹோல் என்று ஒரு பிள்ளை கூட எழுதவில்லை. ஒரு மகன் மட்டும் ஹோலைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தான், "அங்கே போனால் உம்மா ஏசுவா" என்று.

இதற்கு நேர்மாறாக ஒரு விசயமும் எங்கள் கரையிலேயே நடந்திருக்கிறது. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு எங்கள் கரையோர ஊர்களில் வீட்டுத்திட்டங்கள் கட்டினார்கள். வரிசை வரிசையாக ஒரே அச்சு வீடுகள், ஒரே நிறம். கொடுத்த அன்று எண் பார்த்துத்தான் சொந்த வீட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். கடல் எல்லாவற்றையும் கொண்டுபோன பிறகு, கையில் ஒன்றும் இல்லாமல் வந்து குடியேறியவர்கள். ஆனால் கொஞ்சக் காலம் போக அந்த வீதிகளில் நடந்து பாருங்கள். ஒருவர் முன்னுக்கு ஓலைப் பந்தல் இறக்கியிருப்பார். ஒருவர் செவ்வரத்தை வைத்திருப்பார். ஒரு வீட்டுக் கதவு பச்சை, அடுத்த வீட்டுக் கதவு வள்ளத்துக்கு அடித்து மிஞ்சிய நீலப் பெயின்ட். புகை போக வசதி இல்லை என்று பின்னால் தனியாகக் குசினி கட்டிக்கொண்டார்கள். யாரும் அவர்களுக்கு வீட்டு அலங்காரம் சொல்லிக் கொடுக்கவில்லை. இருந்து பார்த்து, எது தேவையோ அதைச் செய்தார்கள். அந்த வீடுகளில் சீவன் இருக்கிறது.

இன்னொரு வீடு. பெயர் சொல்லமாட்டேன், அந்த ராத்தாவுக்குப் பிடிக்காது. இரண்டு அறை, பாதிச் சுவருக்குத்தான் பூச்சு. மகள் சம்பளம் எடுத்துப் போன வருடம் பெயின்ட் அடித்துக் கொடுத்தாள், மெல்லிய மஞ்சள். ஹோல் சுவரில் ஒரு முழம் அகலத்துக்கு மட்டும் பெயின்ட் இல்லை. கிட்டப் போய்ப் பார்த்தேன். பென்சிலால் நெல் மூடைக் கணக்கு. எந்தப் போகம், எத்தனை மூடை, யாருக்கு எவ்வளவு என்று. அவருடைய கணவர் எழுதியது. அவர் மவுத்தாகி ஒன்பது வருடம். "அத மட்டும் உட்டுட்டன் டீச்சர். அது அவர்ர எழுத்து" என்றார். சீலிங்குக்குள் ஓடும் எந்த லைட்டும் அந்த ஒரு முழச் சுவருக்கு ஈடாகுமா என்று எனக்குத் தெரியவில்லை.

ஆகவே என் கருத்து இது. வீட்டை வாழக்கூடிய அளவுக்குக் கட்டிக் கொடுங்கள். நல்ல கூரை, நல்ல கதவு, தண்ணீர், மின்சாரம், மலசலகூடம், வழுக்காத தரை, வெள்ளைச் சுவர். அங்கே நிறுத்துங்கள். சீலிங்கும் பென்ட்ரியும் கல்லுச் சுவரும் வேண்டாம். அந்தக் காசு மிஞ்சினால் மகளின் பெயரிலேயே போட்டு வையுங்கள். அவள் அந்த வீட்டில் ஒரு மழை, ஒரு கச்சான் இருந்து பார்க்கட்டும். எந்த அறை கொதிக்கிறது, எந்த மூலையில் காற்று வருகிறது, பின்நேரம் எங்கே உட்காரச் சொல்கிறது என்று அவளுக்கே தெரியும். அதன் பிறகு அவளும் அவள் கணவரும் சேர்ந்து ஒவ்வொன்றாகச் செய்யட்டும். பத்து வருடம் எடுத்தால் எடுக்கட்டும்.

"மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்லுவாங்க?" இதைத்தான் எல்லோரும் கேட்பீர்கள். சீலிங் இல்லை என்பதற்காக ஒரு சம்பந்தம் முறிகிறது என்றால், அது கலியாணத்துக்கு முன்பே முறிந்ததற்கு அல்ஹம்துலில்லாஹ் சொல்லுங்கள். இதற்கு மேல் அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

இனி, வாழ்கிற வீட்டை எப்படி அழகாக்குவது என்று கேட்பவர்களுக்கு, காசு அதிகம் போகாத சில விசயம்.

முதலில் பல்ப். எங்கள் வீடுகளில் படுக்கை அறைக்கும் கடைக்கும் ஒரே வெள்ளை வெளிச்சம்தான். பல்ப் பெட்டியில் பாருங்கள், 6500 கெல்வின் என்று போட்டிருக்கும். அது கடைக்கும், பிள்ளை படிக்கிற மேசைக்கும் சரி. இருந்து கதைக்கிற இடத்துக்கும் தூங்குகிற அறைக்கும் 2700 அல்லது 3000 என்று போட்டதை வாங்குங்கள், "வோம் வைட்" என்று எழுதியிருக்கும். பழைய குண்டு பல்பின் நிறம். விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. உச்சியில் ஒன்று போடுவதை விட மூலையில் தாழ்வாக ஒன்று போட்டால் இன்னும் நல்லது. ஒரே இரவில் அறை வேறு அறையாகிவிடும். நம்பாதவர்கள் ஒரு பல்பை மாற்றிப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.

அடுத்தது துணி. கொழும்பு புறக்கோட்டையில் இருந்து மினுங்கும் கேட்டன் துணியைக் கொண்டுவந்து மாட்டுகிறோம். அது வெயிலையும் மறைக்காது, காற்றையும் விடாது. மருதமுனை பக்கத்தில்தான் இருக்கிறது. எத்தனை தலைமுறையாக நெய்கிற ஊர். சாரனும் சாரியும் மட்டும்தான் அங்கே வாங்க வேண்டும் என்று யார் சொன்னது? அந்தப் பருத்தித் துணியை ஜன்னலுக்குப் போட்டுப் பாருங்கள், காலை வெயில் அதனூடாக வரும்போது அறைக்குள் ஒரு நிறம் வரும். உம்மாவின் பழைய சாரியில் தலையணை உறை தைக்கலாம். ஆயிஷா நாயகி (ரழி) அவர்கள் படம் போட்ட திரைச்சீலையை வெட்டித் தலையணை செய்த செய்தி ஹதீஸில் வருகிறது. உருவப் படம் பற்றிய சட்டத்தைச் சொல்லத்தான் அதை நாம் எடுத்துச் சொல்வோம். நபிகளாரின் வீட்டில் ஒரு துணி வீணாகாமல் தலையணையானது என்ற பக்கத்தைக் கவனிப்பது குறைவு.

பன் பாய். இதை எழுதும்போதே கவலையாக இருக்கிறது. சிவப்பும் பச்சையும் ஊதாவும் சாயம் போட்டு எங்கள் பெண்கள் இழைக்கிற பாய், கச்சான் காலத்தில் அதில் படுத்தால் முதுகு குளிரும். அதைச் சுருட்டி அலுமாரிக்கு மேலே போட்டுவிட்டு, வெயிலூருக்குப் பொருந்தாத மொத்தமான காபெட் விரிக்கிறோம். இழைக்கத் தெரிந்த கைகள் வருடத்துக்கு வருடம் குறைகின்றன. வெற்றிலை வட்டா, செம்பு, படிக்கம், பழைய மரப்பெட்டி எல்லாம் இப்படித்தான் பழைய சாமான் வண்டிக்குப் போயின. பிறகு பாடசாலைச் சுற்றுலாவில் பிள்ளைகளைக் காத்தான்குடி நூதனசாலைக்குக் கூட்டிப்போய், "இதுதான் பிள்ளைகள் வட்டா" என்று காட்டுகிறோம். நூதனசாலை இருப்பது நல்லது, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் உம்மம்மாவின் வட்டா ஹோல் மேசையில் இருந்திருந்தால், அதைக் காட்ட பஸ் பிடித்திருக்கத் தேவையில்லை.

சுவரில் மாட்டுவதற்குக் கடைச் சட்டம்தான் வேண்டும் என்றில்லை. வீட்டில் ஒரு பிள்ளை நன்றாக அரபு எழுதும். பிஸ்மியை அந்தப் பிள்ளையைக் கொண்டே எழுதுவித்துச் சட்டம் போடுங்கள். எழுத்து கொஞ்சம் கோணலாக இருந்தால் பரவாயில்லை, அந்தப் பிள்ளை அந்தச் சுவரைக் கடக்கிறபோது எப்படி நிமிர்ந்து நடக்கிறது என்று பாருங்கள்.

பிள்ளைகளைப் பற்றிச் சொல்லும்போது ஒரு டீச்சராக இதைக் கேட்கிறேன். ஹோலில் ஒரு மூலையைப் பிள்ளைக்குக் கொடுங்கள். ஒரு சின்ன மேசை, ஒரு கதிரை, நாலு புத்தகம் வைக்க ஒரு பலகை. ஷோகேஸில் யாரும் குடிக்காத கோப்பைகள் நிற்கும் இடத்தில் புத்தகம் நிற்கலாம். வீட்டில் இடம் இல்லை என்று சொல்லிப் படிக்காத பிள்ளைகளின் வீட்டுக்குப் போயிருக்கிறேன். பூட்டிய ஹோல் இருக்கும்.

அத்துடன் அந்தக் கட்டில். உம்மம்மாவின் கட்டிலைப் பத்தியில் இருந்து தூக்கி முன் விறாந்தை ஜன்னலுக்குப் பக்கத்தில் போடுங்கள். வீதி தெரிய, போகிற வருகிறவர் ஸலாம் சொல்ல. "வீட்டு அழகு கெட்டுப்போகும்" என்று ஒரு வீட்டில் என் காது படச் சொன்னார்கள். சூரத்துந் நஹ்லில் அல்லாஹ் வீடுகளைப் பற்றிச் சொல்லும்போது, நாம் அமைதி பெறும் இடமாக அவற்றை ஆக்கியதாகத்தான் சொல்கிறான். யார் யாருக்கு அமைதி என்று ஒவ்வொருவரும் தங்கள் வீட்டில் எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

சரி, உங்கள் வீட்டில் உங்களுக்குப் பிடித்த மூலை எது? படம் எடுத்துக் கீழே போடுங்கள். ஹோல் செட்டியைப் போடக்கூடாது. பிள்ளைகளின் முகத்தைப் படத்தில் காட்ட வேண்டாம். பன் பாய் இழைக்கிறவர்கள் யாராவது உங்கள் பக்கத்தில் இருந்தால் எனக்கு இன்பொக்ஸில் சொல்லுங்கள், எங்கள் வகுப்பறை வாசிப்பு மூலைக்கு ஆறு பாய் தேவைப்படுகிறது.