மிஸ்டர் "ஏ"யும் பெயருள்ள பெண்ணும்

ஆல்ஜீப்ரா பாடத்தில், தெரியாத தொகைக்கு ஓர் எழுத்தைப் பெயராக வைத்துக் கணக்குப் போடுவது வழக்கம். 1924-ஆம் வருஷம் லண்டன் ஹைகோர்ட்டில் இந்த முறை தலைகீழாகக் கையாளப்பட்டது. யாரென்று நன்றாகத் தெரிந்த ஒரு மனிதருக்கு எழுத்தைப் பெயராக வைத்தார்கள். "மிஸ்டர் ஏ" என்பது அந்தப் பெயர். அதற்குள் மறைந்திருந்தவர் சர் ஹரி சிங், காஷ்மீர மகாராஜா பிரதாப சிங்கின் சகோதரர் புதல்வர், பட்டத்துக்கு உரியவர்.

விஷயம் இதுதான். 1919-ஆம் வருஷக் கடைசியில், பாரிஸ் நகரத்து ஹோட்டல் ஒன்றில் ராஜகுமாரர் மணமான ஆங்கிலப் பெண் ஒருத்தியுடன் தங்கியிருந்தார். கதவைத் திறந்துகொண்டு ஒரு மனிதன் உள்ளே வந்து நின்றான். அந்த அம்மாளின் கணவன் போல் கோபித்துக் குதித்தான். அவன் கணவனல்லன், வேஷக்காரன். ராஜகுமாரரின் பரிவாரத்திலே ஏ.டி.ஸி.யாக இருந்த வெள்ளைக்கார அதிகாரியும் இந்தச் சூழ்ச்சியில் பங்காளி. நடுநடுங்கிப் போன ராஜகுமாரர், ஒவ்வொன்றும் 1,50,000 பவுனுக்கு இரண்டு செக்குகள் எழுதிக் கொடுத்தார். ஒன்று பணமாயிற்று, மற்றொன்று நிறுத்தப்பட்டது. காஷ்மீரத்துக் குடியானவனின் வியர்வை எத்தனை வருஷம் சிந்தினால் ஒரு செக்குக்கு ஈடாகும் என்று நேயர்களே எண்ணிப் பார்த்துக் கொள்ளலாம்.

ஐந்து வருஷம் இது வெளியே தெரியவில்லை. பங்கு பிரிப்பதில் வந்த தகராறுதான் இதை அம்பலத்துக்குக் கொண்டு வந்தது. அந்த அம்மாளின் உண்மைக் கணவர், தம் பெயரால் கணக்குத் திறந்து அத்தொகையை வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டதாக மிட்லண்ட் பாங்கின் மேல் பிராது கொடுத்தார்! வழக்கு அவருக்குச் சாதகமாகவில்லை. சூழ்ச்சியில் பெரும் பங்கு கொண்ட வக்கீல் குமாஸ்தா ஒருவன் 1925-இல் இரண்டு வருஷம் சிறை சென்றான்.

நாம் இங்கே கவனிக்க விரும்புவது திருடர்களையல்ல, அந்த எழுத்தை. ராஜகுமாரரின் பெயரை மறைக்க ஏற்பாடு செய்தது இந்தியா ஆபீஸ். பறிகொடுத்தவன் மேல் கொண்ட கருணையால் அல்ல, ஏகாதிபத்தியத்துக்கு வேண்டிய ஒரு சுதேச சமஸ்தானத்தின் கௌரவத்தைக் காப்பதற்காக என்றே நமக்குத் தோன்றுகிறது. கடைசியில் அந்தத் திரையும் கிழிந்து பெயர் வெளிவந்தது. ஆனால் அந்த அம்மாளுக்கு முதல் நாளிலிருந்தே திரை கிடையாது. அவள் சூழ்ச்சியில் கலந்தவளா, பிறர் கையில் வெறும் கருவியா என்பது அப்போதே வாதத்துக்கு இடமாக இருந்த விஷயம். அது தீருமுன்பே அவள் பெயர் தினசரிகளில் அச்சாகிவிட்டது. ஹரி சிங் 1925-இல் மகாராஜாவானார். சட்டப் புத்தகங்களிலோ அந்த வழக்கு இன்றும் அவள் குடும்பப் பெயராலேயே வழங்குகிறது. நாம் அதை இங்கே எழுதப் போவதில்லை.

திரையே கூடாதென்று நாம் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். மானத்தைக் காட்டிப் பணம் பறிப்பவன் விற்பது மௌனத்தைத்தான். கோர்ட்டுக்குப் போனால் பெயர் வெளியாகும் என்றால், கோர்ட்டே அவனுக்குக் கூலியில்லாத கூட்டாளியாகிவிடும். அதனால்தான் இத்தகைய வழக்குகளில் பிராது கொடுத்தவரின் பெயரை மறைப்பதை இங்கிலாந்து நீதிபதிகள் வழக்கமாகக் கொண்டார்கள். 1968-ஆம் வருஷச் சட்டம் இக்குற்றத்துக்குப் பதினான்கு வருஷம் வரை தண்டனை வைத்திருக்கிறது. இவையெல்லாம் சரியே.

ஆனால் 1973-இல் லண்டன் ஓல்ட் பெய்லியில் என்ன நடந்தது? பெண்களை வைத்து வியாபாரம் செய்ததாகவும், வந்த கனவான்களை மிரட்டிப் பணம் கேட்டதாகவும் ஒரு பெண் விசாரிக்கப்பட்டாள். சாட்சி சொன்ன கனவான்கள் இருவர் "ஒய்" என்றும் "இஸட்" என்றும் எழுத்துக்களானார்கள். மிரட்டிய குற்றம் ருஜுவாகவில்லை. வியாபாரக் குற்றத்துக்காக அவளுக்கு ஏழு வருஷம் கிடைத்தது. எழுத்துக்கள் எழுத்துக்களாகவே வீடு திரும்பின. பால் பூட் என்ற பத்திரிகாசிரியர் அவ்விருவர் பெயரையும் தம் பத்திரிகையில் அச்சிட்டார்; கோர்ட்டு அவமதிப்பு என்று அவருக்கும் பத்திரிகைக்கும் தலைக்கு 250 பவுன் அபராதம் விதிக்கப்பட்டது. அவர் செய்தது சரியென்று நாம் சொல்லத் துணியோம். மறைக்கச் சொன்னதைத் திறந்து காட்டினால், அடுத்த முறை மிரட்டப்படும் ஏழைக் குமாஸ்தாவும் வாயைத் திறக்க மாட்டான். எனினும் கனவானுக்கு எழுத்து, அவளுக்கு முழுப் பெயர் என்ற முறை ஏன் என்ற கேள்விக்கு அந்த 500 பவுன் விடையாகாது.

நமது தேசத்துக்கு வருவோம். இங்கே பலாத்காரத்துக்கு ஆளான பெண்ணின் பெயரை அச்சிடுவது 1983 முதல் குற்றம். அவ்வழக்குகளில் கோர்ட்டுக் கதவு சாத்தப்பட்டே விசாரணை நடக்க வேண்டும். மிரட்டிப் பணம் பறிக்கும் வழக்கிலோ கதவைச் சாத்துவது நீதிபதியின் இஷ்டம். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் ஒன்பது நீதிபதிகள் சுப்ரீம் கோர்ட்டில் ஒருமனதாகத் தீர்ப்பளித்த பின்னும் இந்த நிலையே.

இதில் இன்னொரு பாதியை நம் கதைகளும் சினிமாக்களும் காட்டுவதேயில்லை. மிரட்டுபவள் பெண், மிரளுபவன் ஆண் என்றே எண்ணிப் பழகிவிட்டோம். உண்மையில், இந்தத் தொழிலில் அகப்பட்ட பெண்ணை மிரட்டுவதுதான் எளிது. வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுவேன், ஊரில் தாயாருக்குக் கடிதம் போடுவேன், குழந்தையின் பள்ளிக்கூடத்தில் தெரிவிப்பேன் என்றால் போதும். இன்று கதவைத் தட்ட வேஷக்காரக் கணவனும் வேண்டியதில்லை. சட்டைப் பையில் அடங்கும் டெலிபோனே படம் பிடித்து விடுகிறது. அவள் போலீஸ் ஸ்டேஷன் படியேறினால், பிராது கொடுக்க வந்தவள் என்று எத்தனை பேர் கருதுவார்கள்? 1956-ஆம் வருஷச் சட்டம் விபசார விடுதி நடத்துவதையும் பொது இடத்தில் ஆளை அழைப்பதையும் தண்டிக்கிறதேயன்றி, அத்தொழிலில் இருப்பதனாலேயே ஒருத்தியைக் குற்றவாளியாக்கவில்லை. ஆயினும் படியேற அவளுக்குக் கால் வராது.

2022-ஆம் வருஷம் மே மாதம் 19-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு இதைப் பற்றி ஓர் உத்தரவிட்டது. இப்பெண்கள் கொடுக்கும் பிராதையும் மற்றவர் பிராதைப் போலவே போலீஸார் ஏற்க வேண்டும். சோதனையோ மீட்போ நடக்கும்போது அவர்கள் பெயரையும் படத்தையும் பத்திரிகைகள் வெளியிடலாகாது என்றது. இது கனவானுக்கு நெடுநாளாகக் கிடைத்து வரும் எழுத்தைப் போன்றதுதான்; புதிய சலுகை ஒன்றுமில்லை. எந்த ஊர் இன்ஸ்பெக்டராவது ஒரு நாள் இப்படிப்பட்ட ஒரு பெண்ணின் பிராதை, "மிஸ் ஏ" என்று தலைப்பிட்டு எழுதிக்கொண்டால், அந்தக் காகிதத்தைக் காண நமக்கு மிகவும் ஆசை.