கறி யாருக்கு?

போன செவ்வாய்க்கிழமை காலை, நிகழ்ச்சியில் பாட்டு ஓடிக்கொண்டிருந்த நேரம். கைப்பேசியில் ஒரு புலனச் செய்தி. சித்தி மகன் அனுப்பியிருந்தான். சைபர்ஜெயாவில் கணினித் துறையில் வேலை. இன்னும் கல்யாணம் ஆகவில்லை. கையில் காசும் கொஞ்சம் புரள்கிறது.

"அக்கா, டிசம்பர்ல சவுத் ஆப்பிரிக்கா சஃபாரி போறேன். ஏழு நாள். பட்டியல் அனுப்பியிருக்கேன். முதல் தடவைதானே, எதை எடுக்கலாம்னு சொல்லுங்க."

எதைப் படம் எடுக்கலாம் என்று கேட்கிறான் போலும் என்று நினைத்துத்தான் திறந்தேன். இம்பாலா, வார்ட்ஹாக், கூடு, வரிக்குதிரை, காட்டெருமை, சிங்கம் என்று வரிசையாகப் பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே அமெரிக்க டாலரில் ஒரு விலை. சாப்பாட்டுக் கடை மெனு அட்டை மாதிரியே இருந்தது. அப்போதுதான் உறைத்தது. பையன் போகப்போவது கேமரா சஃபாரி இல்லை, துப்பாக்கி சஃபாரி.

பாட்டு முடிந்துவிட்டது. எல்டிபி நெடுஞ்சாலையில் பூச்சோங் அருகே நெரிசல் என்று நேயர்களுக்குச் சொல்லிவிட்டு, அவனுக்கு ஒரு வரி பதில் போட்டேன். "ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா. பாட்டி இருக்காங்க."

பாட்டிக்கு வயது 84. எங்களோடுதான் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாடு முடிந்து, தம்பி பட்டியலை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினான். பாட்டி பொறுமையாகக் கேட்டார். கடைசியில் ஒரே கேள்வி.

"சுட்டுட்டு, கறிய யாருடா திங்கிறா?"

அவனுக்குத் தெரியவில்லை. "கொம்பு, தோலு மட்டும்தான் பாட்டி நம்மளுக்கு. பதப்படுத்தி அனுப்பி வைப்பாங்க."

"கொம்ப வச்சு என்னா கொழம்பு வைக்கிறது?"

நாங்கள் சிரித்தோம். பாட்டி சிரிக்கவில்லை. அவர் வேட்டைக்காரர் பெண்டாட்டி. அந்தக் கேள்வி அவருக்கு விளையாட்டு இல்லை.

இன்றைக்கு வீடமைப்புப் பகுதிகளும் பேரங்காடிகளும் நிற்கிற இந்தப் பூச்சோங் வட்டாரத்தில் ஒரு காலத்தில் ரப்பர் தோட்டங்களும் ஈயச் சுரங்கங்களும் இருந்தன. அப்படி ஒரு தோட்டத்தில்தான் தாத்தா பால் வெட்டினார். லயத்துக்குப் பின்னால் போட்டிருந்த மரவள்ளியைக் காட்டுப்பன்றி ஒரே இரவில் கிண்டிப் போட்டுவிடும். தோட்டத்தில் ஒருவரிடம் மட்டும் உரிமத்தோடு ஒற்றைக்குழல் துப்பாக்கி. மற்றவர்கள் கையில் ஈட்டி. தாத்தா நாய்க்காரர். பன்றி விழுந்தால் லயத்து வாசலில் கூறு போடுவார்கள். சுட்டவருக்குத் தலை, நாய்க்காரருக்கு ஒரு பங்கு, மீதி வீட்டுக்கு ஒரு கூறு. சம்பளம் வாங்க இன்னும் பத்து நாள் இருக்கும்போது அந்தக் கூறு எவ்வளவு பெரியது என்பது அந்தத் தலைமுறைக்குத்தான் தெரியும்.

அதற்காக, அன்றைக்கு எல்லாமே ஒழுங்காக நடந்தது என்று நான் சொல்ல வரவில்லை. முதுகு வலிக்கு உடும்பு, இளைப்புக்கு அழுங்கு என்று எதையெதையோ பிடித்துச் சமைத்தவர்கள் நம்மவர்கள். எறும்புத்தின்னி என்று நாம் சொல்லும் அந்த அழுங்கின் செதிலில் இருப்பது நம் நகத்தில் இருக்கிற அதே கெரட்டின். அதில் மருந்து ஒன்றும் கிடையாது. பாட்டியிடம் இதைச் சொன்னபோது, "அப்ப எங்களுக்கு யாரு சொன்னா?" என்றார். நியாயமான பதில்தான்.

இன்று சொல்ல ஆள் இருக்கிறது, சட்டமும் இருக்கிறது. தீபகற்ப மலேசியாவுக்கும் லாபுவானுக்கும் பொருந்துவது 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். சபா, சரவாக்கிற்குத் தனிச் சட்டங்கள். இந்தச் சட்டத்திலும் பட்டியல் உண்டு. முதலாவது, பாதுகாக்கப்பட்டவை. பெர்ஹிலித்தான் உரிமம் கொடுத்தால் மட்டும் வேட்டையாடலாம். பயிரை அழிக்கிற காட்டுப்பன்றியும் இதில்தான் வருகிறது. நம் ஆட்கள் பலருக்கு இது தெரியாது, "பன்னிதானே, யார் கேக்கப் போறா" என்று போய் மாட்டிக்கொள்கிறார்கள். இரண்டாவது, முழுமையாகப் பாதுகாக்கப்பட்டவை. புலி, தாப்பிர், அழுங்கு எல்லாம் இங்கே. இவற்றின் மேல் கை வைக்கவே கூடாது. 2022இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 10 லட்சம் வெள்ளி வரை, சிறை 15 ஆண்டு வரை போகலாம். குட்டியையோ பெண் விலங்கையோ கொன்றால் தண்டனை இன்னும் கடுமை. சுருக்குக் கம்பி வைப்பதும் குற்றம், வைத்திருப்பதும் குற்றம்.

கடமானும் குரைக்கும் மானும் ஒரு காலத்தில் உரிமம் வாங்கிச் சுடக்கூடியவையாக இருந்தன. எண்ணிக்கை விழுந்ததும் அந்த உரிமங்களை நிறுத்திவைத்தார்கள். மான் நம் புலியின் சாப்பாடு. 1950களில் 3,000 இருக்கலாம் என்று கணிக்கப்பட்ட மலாயாப் புலி, இப்போது காட்டில் 150க்கும் குறைவு. காண்டாமிருகம் ஒன்றுகூட மிச்சமில்லை. நாட்டின் கடைசி சுமத்ரா காண்டாமிருகம் 2019 நவம்பரில் சபாவில் இறந்தது. நம் ஊரில் எதைச் சுடலாம் என்று கேட்பதற்கு முன்னால், எது மிச்சமிருக்கிறது என்று பார்க்க வேண்டிய நிலை.

வேட்டைக்காரர்களே இதை முதலில் உணர்ந்த கதையும் நம் நாட்டில் உண்டு. தியோடர் ஹப்பேக் என்ற ஆங்கிலேயத் தோட்டக்காரர், யானை, செலாடாங் வேட்டையில் பேர் போனவர். 1905இல் அதைப் பற்றிப் புத்தகமே எழுதியவர். பிறகு அவரே விலங்குகளுக்காக அரசாங்கத்தோடு ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டினார். அந்தப் போராட்டத்தின் பலனாக 1930களின் கடைசியில் உருவானதுதான் இன்றைய தாமான் நெகாரா.

சரி, தம்பியின் பட்டியலுக்கு வருவோம். அவன் போவது சட்டப்படி நடக்கும் வேட்டை. தென்னாப்பிரிக்காவில் தனியார் பண்ணைகளே காட்டு விலங்குகளை வளர்க்கின்றன. நாள் கட்டணம் ஒன்று, விழுகிற விலங்குக்கு விலை ஒன்று. துப்பாக்கியை அங்கேயே வாடகைக்கு எடுக்கலாம். "போகாதே" என்று நான் சொல்லியிருக்கலாம். ஆனால் ஞாயிறுதோறும் சந்தையில் ஆட்டுக்கறி வாங்குகிற நான், யாரோ வெட்டிக் கொடுத்ததைச் சாப்பிட்டுக்கொண்டு அவனுக்குப் பாடம் நடத்துவது சரியாகப் படவில்லை. அதனால் பாட்டியின் கேள்வியை வைத்தே பட்டியலைச் சலித்தோம்.

முதலில் இம்பாலா. புதிதாகப் போகிறவர்களுக்கு அங்குள்ள வழிகாட்டிகள் பெரும்பாலும் கைகாட்டுவது இதைத்தான். கூட்டம் கூட்டமாக இருக்கிறது. ஆண் சுமார் 60 கிலோ. ஆணுக்கு மட்டுமே கொம்பு இருப்பதால், பெண்ணைத் தவறிச் சுடும் ஆபத்து குறைவு. முறுக்குக் கொம்புள்ள கூடு மானும் அப்படித்தான், ஆணுக்கு மட்டுமே கொம்பு. ஆனால் ஜெம்ஸ்பாக், வில்டபீஸ்ட் இரண்டிலும் ஆண், பெண் இரண்டுக்குமே கொம்பு உண்டு. புதுக் கண்ணுக்கு வித்தியாசம் பிடிபடாது. அதிலும் வில்டபீஸ்ட் குண்டு பட்டும் வெகுதூரம் ஓடக்கூடியது. வார்ட்ஹாக் நம் காட்டுப்பன்றிக்கு ஒன்றுவிட்ட உறவு என்று சொன்னதும் பாட்டி முகம் மலர்ந்தது. இவற்றின் கறி பண்ணையிலேயே தங்கிவிடும். வேலை செய்கிறவர்கள், விடுதிச் சமையலறை, கசாப்புக் கடை என்று போய்ச் சேரும்.

காட்டெருமை வேண்டாம் என்றேன். காயம்பட்டால் திரும்பி வந்து ஆளை முட்டும் விலங்கு அது. பல நாடுகளில் அதற்கு .375 அளவுக்குக் குறைந்த துப்பாக்கியை அனுமதிப்பதே இல்லை. இலக்குப் பலகையைத் தவிர வேறெதையும் சுட்டிராத கைக்கு அது சரிப்படாது.

சிங்கத்தில்தான் வாக்குவாதம். "அக்கா, பட்டியல்ல விலை ரொம்ப அதிகமில்ல" என்றான். விலை குறைவாக இருப்பதே எச்சரிக்கை மணி. தென்னாப்பிரிக்காவில் ஆயிரக்கணக்கான சிங்கங்கள் கூண்டிலும் வேலிக்குள்ளும் வளர்க்கப்படுகின்றன. குட்டியில் சுற்றுலாப் பயணி மடியில் கொஞ்சல், வளர்ந்ததும் வேலிக்குள் வேட்டை. இந்தத் தொழிலை முடிவுக்குக் கொண்டுவரப் போவதாக அந்நாட்டு அரசாங்கமே 2021இல் அறிவித்தது. அந்தச் சிங்கங்களின் எலும்பு நம் ஆசியச் சந்தைக்கு ஏற்றுமதியான காலமும் உண்டு. கறி யாருக்கு என்று கேட்டால், இங்கே பதில் இல்லை.

காட்டுச் சிங்கத்தின் கதை வேறு. கூட்டத்துத் தலைவனைச் சுட்டால், புதிதாக வரும் ஆண் சிங்கம் பழையதின் குட்டிகளைக் கொன்றுவிடும். ஒரு குண்டுக்கு ஒரு குடும்பமே போகும். அதனால்தான் தான்சானியாவில் ஆறு வயதுக்குக் குறைந்த சிங்கத்தைச் சுடக் கூடாது என்று விதி வைத்தார்கள். 2015இல் ஜிம்பாப்வேயில் சிசில் என்ற சிங்கத்தை அமெரிக்கப் பல் மருத்துவர் ஒருவர் கொன்றதும் உலகமே கொதித்தது நினைவிருக்கும். ஹுவாங்கே தேசியப் பூங்காவில் ஆராய்ச்சியாளர்கள் கழுத்துப்பட்டை மாட்டிக் கவனித்துவந்த சிங்கம் அது.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. வேட்டைப் பணம் வருவதால்தான் பல பண்ணைக்காரர்கள் மாட்டை விட்டுவிட்டுக் காட்டு விலங்குகளுக்கு நிலம் ஒதுக்குகிறார்கள் என்பது உண்மை. கென்யா 1977இலேயே வேட்டையைத் தடைசெய்து, கேமரா பயணிகளை நம்பி நிற்கிறது. போட்ஸ்வானா 2014இல் தடைபோட்டு, யானைகளால் விவசாயிகள் படும் பாட்டைக் காரணம் காட்டி 2019இல் தடையை எடுத்தது. ஆப்பிரிக்காவிலேயே ஒரே பதில் இல்லை.

பட்டியலின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது. காயப்பட்டுத் தப்பிய விலங்குக்கும் முழு விலை. இது எல்லா இடத்திலும் உள்ள வழக்கம்தான். "பணம் போனா போகுது" என்று தம்பி சொன்னதும் பாட்டி கையைக் காட்டி நிறுத்தினார். நான்கூட அதுவரை கேட்காத கதை ஒன்றைச் சொன்னார்.

ஒருநாள் பொழுது சாயும் நேரத்தில் துப்பாக்கிக்காரர் அவசரப்பட்டுச் சுட்டுவிட்டார். வயிற்றில் குண்டு பட்ட பன்றி பெலுக்காருக்குள் ஓடிவிட்டது. தாத்தா நாயோடு இரண்டு நாள் தேடினார். பால் வெட்டுக்குப் போகவில்லை, இரண்டு நாள் சம்பளம் போயிற்று. மூன்றாம் நாள் நாற்றம் வைத்துக் கண்டுபிடித்தார்கள். மடியில் பால் கட்டிக் கிடந்ததாம். குட்டிகள் எங்கே என்று தெரியவில்லை. "ரெண்டு நாளு ஒங்க தாத்தா சோறு திங்கல. கறி வீணாப் போச்சுன்னு நெனச்சேன். அதுக்கில்லன்னு அப்பறந்தான் தெரிஞ்சிச்சு" என்றார் பாட்டி.

தம்பி ஒன்றும் பேசவில்லை. கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டான்.

மூன்று நாள் கழித்துச் செய்தி வந்தது. சிங்கம், காட்டெருமை, வில்டபீஸ்ட் மூன்றையும் எடுத்துவிட்டான். ஓர் ஆண் இம்பாலா, ஒரு வார்ட்ஹாக், அவ்வளவுதான். புறப்படும்வரை வாரம் ஒருமுறை சுடும் பயிற்சி. தூரமோ கோணமோ சரியில்லை என்று வழிகாட்டி தலையசைத்தால், சுடாமலேயே திரும்புவதாக எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறான். மிச்ச நாள்களுக்குக் கேமரா. கறி யாருக்குப் போகும் என்று பண்ணைக்கே எழுதிக் கேட்டிருக்கிறான். வேலையாட்களின் குடும்பங்களுக்கும் சமையலறைக்கும் என்று பதில் வந்ததாம்.

நானாக இருந்தால் கேமராவோடு மட்டும் போயிருப்பேன். ஆனால் அவனுடைய பட்டியலில் இப்போது இருப்பவை, எதைச் செய்யப்போகிறோம் என்று தெரிந்து தேர்ந்தெடுத்தவை. நீங்களோ உங்கள் வீட்டுப் பிள்ளையோ இப்படிக் கிளம்பினால், கொம்பின் நீளத்தையும் விலையையும் பார்க்கும் முன் இதைக் கேளுங்கள். இந்த விலங்கு அங்கே தாராளமாக இருக்கிறதா? ஆணா, வயதானதா என்று எனக்குத் தெரியுமா? ஒரே குண்டில் முடிக்க என்னால் முடியுமா? கறி யாருக்கு? கொம்போ தோலோ கொண்டுவருவதாக இருந்தால், சைட்டிஸ் ஒப்பந்தப் பட்டியலில் அந்த விலங்கு இருக்கிறதா என்றும், இங்கே என்ன அனுமதி வேண்டும் என்றும் பணம் கட்டும் முன்பே விசாரியுங்கள்.

பண்ணையின் பதிலைப் பாட்டிக்குப் படித்துக் காட்டினேன். தலையாட்டினார். "அப்ப சரி. கொம்பெல்லாம் வேணாம், நமக்கும் ஒரு கூறு கொண்டாரச் சொல்லு."

வெளிநாட்டு இறைச்சியை அனுமதி இல்லாமல் விமான நிலையத்தில் விடமாட்டார்கள், காய்ந்த கறியாக இருந்தாலும் பிடுங்கி வைத்துக்கொள்வார்கள் என்று விளக்கினேன்.

"அப்ப அவன மட்டும் பத்திரமா வரச் சொல்லு" என்று சொல்லிவிட்டுப் பாட்டி தொலைக்காட்சிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.