சுவர் வெளியிலேயே நிற்கட்டும்

ருமேனியாவின் வத்ரா மோல்டோவிட்சே கிராமத்து மடாலயத்தை 1532இல் கட்டினார்கள். 1537இல் வெளிச்சுவர்களிலும் ஓவியம் தீட்டினார்கள். தெற்குச் சுவரில் கான்ஸ்டான்டிநோபிள் முற்றுகை. 626இல் அந்நகரைத் தாக்கியவர்கள் அவார்களும் பாரசீகர்களும். சுவரிலோ துருக்கியர் நிற்கிறார்கள். இம்மடாலயம் இருந்த அன்றைய மால்டேவியா நாடு அஞ்சியது அவர்களைத்தானே! முற்றத்தில் கூடும் ஊராரிடம் பேசவே எழுந்த சுவர் இது. மழையில் அழியவிடுவதா, கண்ணாடிக் கூடம் அமைத்தால் என்ன என்று கேட்கலாம். நியாயமான கவலைதான், வடக்குச் சுவர் வெகுவாக வெளிறிவிட்டது. ஆனால் ஈரச் சுண்ணாம்புப் பூச்சோடு இறுகிய நிறமும், அகன்ற இறவாரமும் மற்றச் சுவர்களை ஏறத்தாழ 500 ஆண்டுகள் காத்திருக்கின்றன. காற்றோட்டமில்லாத கூடத்தில் ஈரம் தேங்கினால் பூச்சே உப்பி உதிரும். கூடத்துக்கு ஆகும் பணத்தைக் கூரைப் பழுதுக்கும், பூச்சுப் பராமரிப்பில் கிராமத்து இளைஞர்களைப் பழக்கவும் செலவிடுவதே சரி.