அந்தச் செய்தியை இனிமேல் யாருக்கும் அனுப்பாதீர்கள்



பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள், கடைசியில் பரீட்சை வைக்க மாட்டேன்.

இந்த மாதம் மட்டும் நான்கு வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே செய்தி வந்துவிட்டது. வலது கை முடங்கிய அமெரிக்க பியானோ கலைஞர் ஒருவர், மனம் தளராமல் பயிற்சி செய்து பல பத்தாண்டுகள் கழித்து மீண்டும் மேடையேறி ஜெயித்தாராம். கீழே ஒரு குறள், கும்பிடும் கைகள் மூன்று. அனுப்பியவர்களில் இருவர் என்னிடம் படித்தவர்கள், அதனால்தான் எழுதுகிறேன். அந்தக் கதை தலைகீழாகச் சொல்லப்பட்டிருக்கிறது.

அவர் பெயர் லியோன் ஃபிளைஷர். 1928-இல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தவர். ஒன்பது வயதிலேயே ஆர்ட்டூர் ஷ்னாபல் என்ற மகா வித்வானிடம் மாணவராகச் சேர்ந்தார். பதினாறு வயதில் நியூயார்க் ஃபில்ஹார்மானிக் இசைக்குழுவோடு வாசித்தார். 1952-இல் பிரஸ்ஸல்ஸில் நடக்கும் ராணி எலிசபெத் போட்டியில் முதல் பரிசு. அதை வென்ற முதல் அமெரிக்கர் அவர்தான். ஜார்ஜ் செல் நடத்திய கிளீவ்லாந்து இசைக்குழுவோடு அவர் பதிவு செய்த பீத்தோவன், பிராம்ஸ் கச்சேரிகளை இன்றும் தேடிக் கேட்கிறார்கள்.

1964 வாக்கில் வலது கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் அவர் சொல் கேட்காமல் உள்ளங்கைப் பக்கம் மடங்கத் தொடங்கின. அப்போது அவருக்கு வயது முப்பத்தாறு. செல்லோடு சோவியத் நாட்டுப் பயணம் நெருங்கிக்கொண்டிருந்தது. அவர் என்ன செய்தார்? நம் செய்தி சொல்வதைத்தான் செய்தார். விடவில்லை. வலியோடு மணிக்கணக்காக வாசித்தார். விரல்கள் இன்னும் மோசமாயின. பயணம் போயிற்று, மணவாழ்க்கை உடைந்தது, உயிரை விட்டுவிடலாமா என்றுகூட நினைத்ததாகப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். அளவுமீறிய பயிற்சியைத்தான் அவர் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தினார். அந்தப் பயிற்சிக்குத்தான் நாம் மாலை போட்டுக்கொண்டிருக்கிறோம்!

இந்த நோய்க்கு ஃபோகல் டிஸ்டோனியா என்று பெயர். கோளாறு விரலில் இல்லை, விரலை ஏவும் மூளையில். அதிகம் வாசிக்கும் எல்லோருக்கும் இது வந்துவிடாது. ஆனால் வந்தவரிடம் “இன்னும் கொஞ்சம் முயற்சி செய்” என்பது, தப்பாக மனப்பாடம் செய்த பையனிடம் அதையே நூறு தரம் எழுது என்பது போல. தப்புதான் ஆழமாகப் பதியும்.

அடுத்து 1982. பால்டிமோரில் மேயர்ஹாஃப் அரங்கத் திறப்பு விழா. “ஃபிளைஷர் திரும்பி வந்துவிட்டார்” என்று ஊரெல்லாம் கொண்டாட்டம். ஆனால் முதலில் எண்ணியிருந்த பீத்தோவனை விட்டுவிட்டு, அவருடைய கைக்குத் தோதான ஃபிராங்கின் படைப்பு ஒன்றை வாசித்தார். கை சரியாகவில்லை என்பது அவருக்குத் தெரியும். கைதட்டியவர்களுக்குத் தெரியாது. மறுபடி இடது கை வாசிப்புக்கே திரும்பினார். வெற்றிக் கதைக்குப் பசித்திருக்கும் கூட்டத்துக்கு அன்றும் இன்றும் ஒரே முகம்தான்.

பிறகு அவரை மீட்டது எது? 1990-களில் போட்ட போடாக்ஸ் ஊசி, தசைகளை ஆழமாக அழுத்தி இளக்கும் சிகிச்சை. ஆமாம், முகச்சுருக்கத்துக்கு நடிகர்கள் போட்டுக்கொள்கிறார்களே, அதே போடாக்ஸ்தான். 2004-இல் ‘இரு கைகள்’ என்ற பொருள்படும் பெயரில் இசைத்தட்டு வந்தது. அப்போதும் நோய் தீர்ந்துவிட்டதாக அவர் சொல்லிக்கொள்ளவில்லை. அவர் நன்றி சொன்னது மருந்துக்கு. நாமோ அந்த மருந்தை வெட்டிவிட்டு மன உறுதியை ஒட்டி அனுப்புகிறோம்.

இடையில் கழிந்த முப்பது ஆண்டுகளைப் பற்றி அந்தச் செய்தியில் ஒரு வரி இல்லை. எனக்கு அதுதான் முக்கியம். முதல் உலகப்போரில் வலது கையை இழந்த பால் விட்கன்ஸ்டைனுக்காக ராவெல் போன்றவர்கள் எழுதிய இடது கைப் படைப்புகளை எடுத்து வாசித்தார். இசைக்குழு நடத்தினார். பால்டிமோர் பீபாடி நிறுவனத்தில் பாடம் நடத்தினார். வாசித்துக்காட்ட வலது கை இல்லாததால் எல்லாவற்றையும் சொல்லால் விளக்க வேண்டியிருந்தது, அதனால் நல்ல ஆசிரியரானேன் என்றார். ஆந்த்ரே வாட்ஸ், ஜோனதன் பிஸ் போன்றவர்கள் அவரிடம் கற்றவர்கள். கட்டையில் விரல் வைக்கும் முன் அந்த ஒலி மனத்தில் கேட்கவேண்டும் என்பது ஷ்னாபல் வழி வந்த பாடம். வாத்தியாரைத் தோற்றவர் கணக்கில் எழுதி, மேடையேறிய அன்று மட்டும் ஜெயித்தவர் என்று சொல்வது எந்த ஊர் நியாயம்? வகுப்பறையில் காலம் கழித்தவன் என்பதால் எனக்குக் கோபம் கொஞ்சம் அதிகமாகவே வருகிறது.

உங்கள் வீடுகளில் பிள்ளைகள் கீபோர்டு, வயலின், மிருதங்கம் படிக்கிறார்கள். கிரேடு பரீட்சைக்குப் பணம் கட்டியாயிற்று, அரங்கேற்றத்துக்கு மண்டபம் பிடித்தாயிற்று என்பதற்காக, மணிக்கட்டு வலிக்கிறது என்று சொல்லும் குழந்தையிடம் இந்தச் செய்தியைக் காட்டாதீர்கள். அன்றைக்குப் பெட்டியை மூடச் சொல்லுங்கள். வலி தொடர்ந்தாலோ விரல் தானாக மடங்கினாலோ நரம்பு டாக்டரிடம் காட்டுங்கள், தைலத்தோடு நிற்காதீர்கள்.

ஃபிளைஷர் 2020 ஆகஸ்டில் 92 வயதில் காலமானார். அந்த வயதிலும் அவருக்கு மாணவர்கள் இருந்தார்கள்.

மறுப்பு இருந்தால் கீழே எழுதுங்கள், பதில் சொல்கிறேன். கட்டைவிரல் படம் மட்டும் போட்டுவிட்டு நழுவ வேண்டாம், யார் யார் என்று பார்ப்பேன்.