கீபர் பேரியும் கல்வராயன் மலைப் பலாவும்

மலைப்பிரதேசத்துப் பேரிக்காயைச் சந்தையிற் காணும் நிலச்சுவான்தார்களுக்கு, அதனைக் கல்வராயன் மலையிலோ, களமருதூர் போன்ற சமவெளிக் கிராமங்களிலோ பயிரிடலாகாதா என்னும் எண்ணம் எழுதல் இயல்பே. பணத்தைச் செலவிடுமுன் அம்மரத்தின் வரலாற்றையும் குணத்தையும் அறிதல் நலம்.

நீலகிரியிற் பயிராகும் பேரி வகைகளுள் கீபர் என்பது ஒன்று. அமெரிக்காவில் பிலடெல்பியா நகருக்கருகே பீட்டர் கீபர் என்னும் நாற்றுப்பண்ணைக்காரர் வளர்த்த சீன மணற்பேரியின் விதையினின்று அது தற்செயலாய்த் தோன்றியது. அருகிருந்த பார்ட்லெட் பேரியின் மகரந்தம் கலந்திருக்கலாமென்பர். 1863-ல் முதன்முறை காய்த்த அம்மரத்தின் கனி, 1876-ல் அந்நகரத்துக் கண்காட்சியில் வைக்கப்பெற்றுப் புகழடைந்தது.

இதன் காய் பெரிது, இருமுனையும் குவிந்தது, பழுக்குங்கால் மஞ்சள் நிறங்கொள்வது. சதை சாறுள்ளதாயினும் மணல் போல நெறுநெறுக்கும். ஆதலின் பச்சையாய் உண்பதைவிடப் பாகிலிட்டு வைப்பதற்கே ஏற்றது. மரத்திலேயே பழுக்கவிடாது, முற்றியதும் பறித்துக் குளிர்ந்த அறையில் வைத்துப் பழுக்கச் செய்தல் வேண்டும். கிளைகளைக் கருக்கும் தீக்கருகல் நோயைத் தாங்குவதும், மிகுதியாய்க் காய்ப்பதும் இதன் சிறப்புகள்.

ஆயினும், பேரி குளிர்காலத்தில் இலையுதிர்த்து உறங்கும் மரம். போதிய குளிரில்லையேல் மொட்டுகள் செவ்வனே அவிழா. கீபருக்குக் குறைந்த குளிர் போதுமெனினும், அதுவும் சில நூறு மணி நேரம் வேண்டும். கல்வராயன் மலையின் பெரும்பகுதி 4,000 அடிக்கு உட்பட்டது. எனவே சமவெளியில் இதனை நடுதல் வீண் செலவு. மலையின் உயர்ந்த இடங்களில் இரண்டொரு கன்றுகளைச் சோதனையாக நடலாம். அதற்கெனக் காய்க்கும் பலாவை வெட்டுதல் தகாது.

கீபரின் வரலாற்றினின்று நம்மவர் கொள்ளத்தக்கது அம்மரமன்று, அதனைக் காத்த முறையே. விதையிற் பிறந்த ஒற்றை மரம் ஒட்டுக்கட்டிப் பெருக்கப்படாதிருப்பின், தன் ஆயுளோடு அழிந்திருக்கும். விதையால் வளர்ந்த பலாக்களும் அவ்வாறே; ஒன்றின் சுளை மற்றொன்றை ஒவ்வாது. பண்ருட்டிக்கடுத்த பணிக்கன்குப்பத்து நாட்டுப் பலாவினின்று தேர்ந்தெடுக்கப்பட்டதே, பாலூர் ஆராய்ச்சி நிலையம் 1992-ல் வெளியிட்ட பாலூர் 1.

கல்வராயன் மலையிலும் அத்தகைய மரங்கள் இருத்தல் கூடும். கதவு நிலைக்கென வெட்டப்படின் அவை மீளா. ஆகவே சுளையிலும் விளைவிலும் சிறந்த மரத்தை உடையவர், சில பருவங்கள் காய்களை எண்ணிக் குறித்து வைத்து, ஒட்டுக்கன்றுகள் உண்டாக்கிக் கொள்வாராக. கிராம உத்தியோகஸ்தர்கள் அம்மரங்களைப் பற்றித் தோட்டக்கலைத் துறையினர்க்கு அறிவித்தல் பேருபகாரமாகும்.