எந்த வெப்பநிலையில்?

"பீங்கான் மின்சாரத்தைக் கடத்தாது. சரியா, தவறா?" என்று வினாத்தாளில் கேட்டால், "சரி" என்று எழுதி ஒரு மதிப்பெண் பெறுகிறோம். எந்த வெப்பநிலையில் என்று வினாவும் சொல்வதில்லை, விடையும் சொல்வதில்லை. இந்த வழக்கம் மாற வேண்டும் என்பது என் கருத்து.

1897-இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் பேராசிரியர் வால்தர் நெர்ன்ஸ்ட் ஒரு மின்விளக்கை உருவாக்கினார். அதில் ஒளிர்வது உலோக இழையன்று. சிர்க்கோனியம் ஆக்சைடுடன் இட்ரியம் ஆக்சைடு கலந்து சுட்ட மெல்லிய பீங்கான் குச்சி. குளிர்ந்த நிலையில் அது மின்சாரத்தை உள்ளே விடாது. ஆகவே முதலில் தீச்சுடர் காட்டிச் சூடாக்கினார்கள். மின்விளக்கை ஏற்றத் தீப்பெட்டி தேடுவது வேடிக்கையன்றோ!

பின்னர் குச்சியின் அருகே பிளாட்டினக் கம்பிச் சுருள் ஒன்றை வைத்தார்கள். சுவிட்சைப் போட்டதும் மின்னோட்டம் சுருளில் பாயும். அதன் வெப்பத்தில் குச்சி நன்கு சூடேறி, தானே கடத்தத் தொடங்கும். குச்சியில் பாயும் மின்னோட்டமே ஒரு மின்காந்தத்தை இயக்கிச் சுருளின் சுற்றைத் துண்டித்துவிடும். அதன்பின் குச்சி தன் வெப்பத்திலேயே வெண்ணொளி வீசும்.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. சூடு ஏற ஏறப் பீங்கானின் மின்தடை குறையும்; மின்னோட்டம் பெருகும்; இன்னும் சூடேறும்; இறுதியில் குச்சியே அழிந்துபோகும். அதைத் தடுக்கத் தொடரில் ஓர் இரும்புக் கம்பியை இணைத்தார்கள். சூடேறினால் இரும்பின் தடை கூடும். ஒன்று அவசரக்காரன், மற்றது நிதானக்காரன்! ஓம் விதிப் பாடத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்குமா?

1900-ஆம் ஆண்டுப் பாரிஸ் பொருட்காட்சியில் இவ்விளக்குகள் ஒளிவீசின. சில ஆண்டுகளில் டங்ஸ்டன் இழை வந்து இவற்றை ஒதுக்கியது. ஆனால் அந்தப் பீங்கான் சாகவில்லை. நான்கு இணைதிறன் கொண்ட சிர்க்கோனியத்தின் இடத்தில் மூன்று இணைதிறன் கொண்ட இட்ரியம் அமரும்போது, இரண்டு இட்ரியத்துக்கு ஓர் ஆக்சிஜன் இடம் காலியாகிறது. சூட்டில் ஆக்சிஜன் அயனிகள் அக்காலி இடங்கள் வழியே நகர்கின்றன. இவ்விளக்கத்தைத் தந்தவர் கார்ல் வாக்னர், ஆண்டு 1943. இன்று கார்களின் புகைக்குழாயில் ஆக்சிஜனை அளக்கும் கருவியிலும் இதே பீங்கான்தான். அதனுள்ளும் ஒரு சிறு சூடேற்றி இருப்பது வழக்கம்.

நம் ஆய்வுக்கூடத்தில் சிர்க்கோனியா இல்லாவிட்டால் என்ன? கண்ணாடிக் குச்சி இருக்கிறது. அதன்மேல் சிறு இடைவெளி விட்டு இரண்டு இடங்களில் செம்புக் கம்பி சுற்றி, ஒரு குண்டு பல்பைத் தொடரில் இணைத்து, நடுவே பன்சன் சுடரைக் காட்டினால், கண்ணாடி செக்கச் சிவந்ததும் பல்பு எரியத் தொடங்கும். 230 வோல்ட் என்பதால் மாணவர் தொடக்கூடாது. ஆசிரியரே செய்து காட்ட வேண்டும். ஒரு பீரியடுக்குள் முடிந்துவிடும். வினாத்தாள் அமைப்போர் 'அறை வெப்பநிலையில்' என்ற இரு சொற்களைச் சேர்க்க அவ்வளவு நேரங்கூட ஆகாது.